லடாக் எங்கயும் ஓடிராது, மொதல்ல நம்ம தெருவுல திரும்பு

வாப்பா பேராண்டி, வா. திண்ணையில ஒக்காராத, கட்டில்ல ஒக்காரு. பாட்டி இப்பத்தான் மொழுகிட்டுப் போனா, ஒன் பேண்ட்டுல இருக்கிற மண்ணு பூராம் கொட்டிரும். முட்டியில என்ன, சிராய்ப்பா? உள்ள போயி மஞ்சள் வாங்கி வச்சுக்க.

வண்டி விழுந்துருச்சுன்னாங்க. விழலையா? சாஞ்சுச்சா? சரி, சாஞ்சதுன்னே வச்சுக்குவோம். டீக்கடையில இருந்த பெருசுக நாலு பேரு கெளாஸக் கீழ வச்சுட்டு ஓடியாந்து தூக்கி விட்டாங்கன்னும் சொன்னாங்க. காலங்காத்தால ஒடம்பு வளையட்டுமேன்னு தூக்கியிருப்பாங்க. நீ அதையெல்லாம் மனசுல வச்சுக்காத.

ஆனா ஒண்ணு சொல்லணும். கனமான வண்டியக் கீழ போடுறதுக்குன்னு ஒரு மொற இருக்கு. கண்டபடி போட்டா எடுபடாது. மொதல்ல பத்துப் பேரு கூடுற எடமாப் பாக்கணும். ஆளில்லாத காட்டுக்குள்ள போட்டு என்ன பிரயோசனம், யாரு பாப்பா? ரோட்டுல கொஞ்சம் சரிவு இருக்கணும், ஓரத்துல ஒரு கை மணலு கெடக்கணும். அப்புறம் வண்டிய நடக்குற வேகத்துக்குக் கொண்டாந்து, ஹேண்டில முழுசா ஒடிச்சு, கிளட்ச மொத்தமாப் புடிச்சு, கண்ண நேரா சாக்கடை மேல வச்சு, முன்பிரேக்க ஒரே புடியா அமுக்கணும். கால்ல ரப்பர் செருப்பு இருந்தா ரொம்ப விசேஷம். நீ இதுல ஒண்ணக்கூட விடாமச் செஞ்சிருக்க. யாரும் சொல்லிக் குடுக்காமலே இம்புட்டு சுத்தமா வருதுன்னா, அது பொறவியிலேயே வந்த வரம்.

மொறைக்காத. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேல பாக்குறவன், சொந்தச் சம்பாத்தியத்துல வண்டி வாங்கியிருக்க, எனக்கும் பெருமைதான். வண்டியும் வண்டிதான். 648 சி.சி., ரெண்டு சிலிண்டரு, நிறுத்தி வச்சிருந்தாலே தெரு நெறஞ்சு கெடக்கு. "நாலு வழிச்சாலையில நூத்திப்பத்துல வந்தேன் தாத்தா, கம்முன்னு நிக்குது"ன்னு நேத்து ராத்திரி சொன்ன. நிக்கத்தான் செய்யும். அது ஒன் சாமர்த்தியம்னு நெனச்சுக்கிட்டியா? ரெண்டு சக்கர வண்டி ஒரு வேகத்துக்கு மேல போயிருச்சுன்னா அது தன்னைத் தானே பாத்துக்கும். ஒரு பக்கம் சாயப் பாத்துச்சுன்னா முன்சக்கரம் அந்தப் பக்கமே லேசாத் திரும்பி நிமித்திக்கும். வேகம் கொறையக் கொறைய அந்த ஒத்தாசையும் கொறஞ்சுக்கிட்டே வரும். நடை வேகத்துக்கு வந்துட்டா, "அய்யா, இனி நீங்க பாத்துக்கங்க"ன்னு வண்டி ஒதுங்கிரும். மேல ஒக்காந்திருக்கிறது ஓட்டுறவனா வெறும் சொமையான்னு அப்பத்தான் தெரியும். இன்னைக்குக் காலையில ஊருக்கே தெரிஞ்சு போச்சு.

லைசென்ஸ் எடுக்கையில எட்டுப் போட்டேன்னு சொல்லுவ. போட்ட, இல்லேங்கல. எதுல போட்ட? ஒங்க மாமன் வச்சிருக்கிற 100 சி.சி. வண்டியில. அது மிஞ்சிப் போனா 110 கிலோ சொச்சம். இடுப்ப ஆட்டினாலே எட்டு விழும். இப்ப நீ வாங்கிட்டு வந்திருக்கிற சூப்பர் மீட்டியாரு 241 கிலோ, அச்சுக்கும் அச்சுக்கும் நடுவுல ஒன்றரை மீட்டரு. நம்ம சர்க்காருக்கு ரெண்டும் ஒண்ணுதான், கியர் வண்டின்னு ஒத்தை வரியில எழுதிக் குடுத்துருது. மாமன் வண்டியில எட்டுப் போட்டவனும், மறுநாளே 650 வாங்கி வாசல்ல நிறுத்தலாம். எனக்கு இது சரியாப் படல. ஆனா என்னைக் கேட்டா சட்டம் போடுறாங்க?

நீ லடாக் வீடியோவா பாத்துத் தள்ளுறியே, அதே செல்லுல நானும் ஒன் தங்கச்சியப் போட்டுக் குடுக்கச் சொல்லி ஜப்பான்காரன் வீடியோ பாத்தேன். அங்க 400 சி.சி.க்கு மேல ஓட்டணும்னா அதுக்குன்னு தனி லைசென்ஸு. அதுக்குப் பரீட்சையில ஒரு மேடை போட்டு வச்சிருக்கான். மேடைன்னா கல்யாண மேடை இல்லப்பா. 30 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உசரம், 15 மீட்டர் நீளம். அந்த ஒத்தையடிப் பலகை மேல பெரிய வண்டிய ஏத்தி அந்தப் பக்கம் எறக்கணும். இதென்ன பிரமாதம், ஒரே முறுக்குல தாண்டிருவேன்ங்கிறியா? அங்கதான் வச்சிருக்கான் ஆப்பு. பத்து விநாடிக்குக் கொறையாம எடுத்துக்கிட்டுப் போகணும். சீக்கிரம் போனா மார்க்கு கொறையும், பலகைய விட்டு எறங்கினா வீட்டுக்குப் போன்னுருவான். கணக்குப் போட்டுப் பாரு, நீதான் படிச்சவனாச்சே. 15 மீட்டர், 10 விநாடி. மணிக்கு அஞ்சரைக் கிலோமீட்டர்கூட வராது. நம்ம பாட்டி ரேஷன் கடைக்கு அவசரமாப் போற வேகம்.

வெள்ளைக்காரன் நாட்டுல இன்னொரு தினுசு. ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஏழரை மீட்டரு எடம் விட்டு, அதுக்குள்ள வண்டிய முழுசாத் திருப்பிக் காட்டுங்கிறான். காலு ஊனக் கூடாது, கோட்டத் தொடக் கூடாது. நம்ம டீக்கடை ரோடு தார் போட்டது, மண்ணு, ரெண்டு ஓரமும் சேத்து அம்புட்டுத்தான் வரும்னு நெனைக்கிறேன். ஒனக்கு அங்க லைசென்ஸு கெடச்சிருக்குமான்னு நான் கேக்கல. நீயே கேட்டுக்க.

அம்புட்டுத் தூரம் எதுக்கு? ஜனவரி 26-க்கு டெல்லியில அணிவகுப்பு நடக்குதுல்ல, அதுல ராணுவத்து சிக்னல் படைக்காரங்க, டேர் டெவில்ஸ்ங்கிற கூட்டம், புல்லட்டு மேல ஆளு மேல ஆளா ஏறி கோபுரம் கட்டிக்கிட்டு வருவாங்க. சின்னப் புள்ளையில என் மடியில ஒக்காந்து நீயும் கை தட்டியிருக்க. அந்தக் கோபுரம் என்ன வேகத்துல வருதுன்னு என்னைக்காவது பாத்தியா? பாத்துருக்க மாட்ட, மேல நிக்கிறவன் மீசையப் பாத்துருப்ப. பக்கத்துல நடந்து வர்ற வேகம்தான். கீழ ஹேண்டிலப் புடிச்சிருக்கிறவனுக்கு முறுக்குறதுல வேலையே இல்ல. ஆடாம அசையாம, நிக்கவும் நிக்காம, ஓடவும் ஓடாம இம்புட்டு ஆளையும் சொமந்துக்கிட்டு வரணும். நாடே கை தட்டுறது அதுக்குத்தான்.

சரி, கேலி பண்ணது போதும், கையக் கொண்டா. இடது கையப்பா, அதுலதான எல்லாம் இருக்கு.

களத்துல வண்டிய நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி, மொதல் கியர்ல போடு. ஆக்சிலேட்டரத் தொடாத. ரெண்டு காலையும் தரையில ஊனிக்க, ஒன் வண்டி சீட்டு 740 மில்லிமீட்டர்தான், ஒன் ஒசரத்துக்குப் பாதம் நல்லாவே படியும். இப்ப கிளட்ச நூலு நூலா விடு. ஒரு எடத்துல எஞ்சின் சத்தம் லேசாத் தணியும். ஹேண்டிலு விரலுக்குள்ள கிணுகிணுன்னு அதிரும். முன்பக்கம் சன்னமா நிமிர்ந்து, வண்டி நகரப் பாக்கும். அதுதான் கிளட்ச் புடிக்கிற எடம். உடனே திரும்பப் புடி. மறுபடி விடு. வண்டி ஒரு சாண் முன்னால போயி நிக்கணும், ஒரு சாண் போயி நிக்கணும். அந்த எடத்துக்கு முன்னப் பின்ன லீவரு ஒரு கடலப்பருப்பு அகலம்தான் அசையும். ஒன் மானம் மரியாதை அம்புட்டும் அந்தக் கடலப்பருப்புக்குள்ளதான் கெடக்கு. நீ என்னடான்னா லீவர ஒண்ணு முழுசாப் புடிக்கிற, இல்லாட்டி பொத்துன்னு விடுற. நடுவுல ஒரு ஊரு இருக்கிறதே ஒனக்குத் தெரியல.

ஹாஃப் கிளட்ச்ல ஓட்டினா பிளேட்டு தேஞ்சிரும்னு எவனோ சொல்லியிருப்பான். நம்ம ஊருல ஆளுக்கொரு மெக்கானிக்கு. ஒன் வண்டி கிளட்ச் எண்ணெயில ஊறிக்கிட்டுச் சுத்துறது. திரும்புறதுக்கும் பழகுறதுக்கும் கொஞ்ச நேரம் நழுவ விடுறதால ஒண்ணும் கெட்டுப் போகாது. மேட்டுல சிக்னல் போட்டவொடனே, பிரேக்கப் புடிக்காம ஹாஃப் கிளட்ச்லயே முறுக்கிக்கிட்டு நிக்கிறான் பாரு, அவன்தான் பிளேட்ட தீய்க்கிறவன். நீ பழகுறப்ப காமணி நேரத்துக்கு ஒருக்க எஞ்சின நிறுத்தி ஆற விடு. காத்துல ஆறுற எஞ்சினு, மெதுவாப் போறப்ப காத்துப் படாது, நம்ம வெயிலும் கொஞ்ச நஞ்ச வெயிலில்ல.

அடுத்தது வலது காலு. மெதுவாத் திரும்புறப்ப முன்பிரேக்குன்னு ஒண்ணு வண்டியில இருக்கிறதையே மறந்துரு. ரெண்டு விரல அது மேல வச்சிருந்தீன்னா பதறின வேகத்துல தானா அமுக்கிருவ. ஹேண்டில் ஒடிஞ்சிருக்கிறப்ப முன்சக்கரத்தப் புடிச்சீன்னா, வண்டிக்குப் போக வேற தெசை இல்ல, உள்பக்கமாப் படுத்துரும். "ஏ.பி.எஸ். இருக்கு தாத்தா"ன்னு ஆரம்பிக்காத. இருக்கு. 2019 ஏப்ரல்லருந்து 125 சி.சி.க்கு மேல விக்கிற புது வண்டி எல்லாத்துக்கும் கட்டாயம் பண்ணிட்டாங்க. அது வேகத்துல சக்கரம் இறுகி வழுக்காமப் பாத்துக்கும். நடை வேகத்துல நீ சாயுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

கால் பிரேக்குதான் ஒன் ஆளு. கிளட்ச் ஒரு பக்கம் இழுக்கணும், கால் பிரேக்கு லேசாப் புடிச்சுக்கிட்டே இருக்கணும், ஆக்சிலேட்டரு ஐடிலிங்குக்குக் கொஞ்சம் மேல ஒரே சீரா நிக்கணும். என்ன தாத்தா, இழுக்கவும் சொல்ற, புடிக்கவும் சொல்றன்னு முழிக்கிறியா? ஒங்க அப்பனுக்கு நான் ஏரு புடிக்கச் சொல்லிக் குடுத்தப்பவும் அவன் இப்பிடித்தான் முழிச்சான். மாடு முன்னால இழுக்கும், நாம மேழிய அமுக்குவோம். மாடு இழுக்காட்டியும் உழவு இல்ல, நாம அமுக்காட்டியும் உழவு இல்ல, கொழு மேலாக்கச் செதுக்கிக்கிட்டு ஓடும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு எதுத்து நிக்கிறப்பத்தான் கொழு நேராப் போகும். சால் முடிஞ்சு மாட்டைத் திருப்புற எடத்துலதான் ஏரு புடிக்கிறவன் லட்சணம் தெரியும். நேர்சால்ல எவன் வேணாலும் பாட்டுப் பாடிக்கிட்டுப் போகலாம், திருப்பத்துல மேழியக் கைவிட்டான்னா மாடு ஒரு பக்கம், கலப்பை ஒரு பக்கம். நீ கிளட்ச மொத்தமாப் புடிச்சது இருக்கே, அது திருப்பத்துல மாட்ட அவுத்து விட்ட கதை.

அதனால இத மட்டும் மண்டையில ஏத்திக்க. திரும்புறப்ப வண்டி உள்பக்கம் விழுகுற மாதிரி தோணுச்சுன்னா, கை தானா கிளட்சப் புடிக்கப் போகும். புடிக்காத. அந்தக் கடலப்பருப்பு அகலத்துல பாதிய விடு. பின்சக்கரத்துக்கு இழுவை வந்ததும் வண்டி தானா நிமிரும். விழப் போறப்ப எவனாவது வேகத்தக் கூட்டுவானான்னு கேப்ப. கூட்டுறவன் நிக்கிறான், புடிக்கிறவன் படுக்கிறான்.

கண்ணப் பத்திச் சொல்லணும்னா, சாக்கடையில விழுந்தவன் எல்லாருமே சாக்கடையப் பாத்துக்கிட்டுப் போனவன்தான். முன்சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்கிற மண்ணையும் குழியையும் பாத்தீன்னா வண்டி அங்கதான் போகும். நீ திரும்பி முடிச்சு எந்தப் பக்கம் போகணுமோ அங்க பாக்கணும். கண்ண மட்டும் ஓரமா ஓட்டினாப் பத்தாது, மொகவாக்கட்டை தோளத் தொடணும், அந்த அளவுக்குக் கழுத்து திரும்பணும். கழுத்து வலிக்குமா? கோயில் திருவிழாவுல மேலத்தெருப் புள்ளைக வரிசையாப் போறப்ப ஒன் கழுத்து முதுகுப் பக்கம் வரைக்கும் போயிட்டு வந்தத நானே பாத்தேன். அந்தக் கழுத்ததான் கேக்குறேன். புதுசா ஒண்ணும் வாங்க வேண்டாம்.

ஒடம்பு விசயத்துல பெரிய ரோட்டுப் பழக்கம் இங்க ஆகாது. வேகமா வளையுறப்ப நீயும் வண்டியோட சேந்து சாயுற. மெதுவாத் திரும்புறப்ப வண்டிய மட்டும் உள்பக்கம் சாய விட்டுட்டு நீ நேரா, இன்னும் சொல்லப் போனா கொஞ்சம் வெளிப்பக்கமா ஒக்காரணும். வலது பக்கம் திரும்புறியா, இடது ஃபுட்ரெஸ்ட்ட மிதி. முட்டி ரெண்டும் டாங்கியத் தொட்டுக்கிட்டு இருக்கட்டும், கையி வெறைக்கக் கூடாது. வெறச்சா ஒன் பயம் பூராம் ஹேண்டிலுக்குப் போயிரும், அது ஆடும், அந்த ஆட்டத்தப் பாத்து இன்னும் பயப்படுவ.

நம்ம ஊருல பொங்கலுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பாங்களே, அத நீ ஒரு வெளையாட்டாவே மதிச்சதில்ல. சுண்ணாம்புக் கோடு போட்ட பாத்தி, காலு ஊனினா அவுட்டு, கோட்டத் தாண்டினா அவுட்டு, கடைசியா வர்றவனுக்குப் பரிசு. ஒங்க அப்பன் வருசா வருசம் மொதல்ல வந்துருவான். வந்து நின்னுக்கிட்டு, "பாத்தியாப்பா, எல்லாரையும் முந்திட்டேன்"ன்னு சிரிப்பான். புத்திசாலி. பாட்டி மோரு ஊத்திக் குடுக்கிற எவர்சில்வர் சொம்பு யாரு ஜெயிச்சதுன்னு உள்ள போயிக் கேட்டுப் பாரு. சைக்கிளுக்கு என்ன செஞ்சேனோ அதையேதான் புல்லட்டுலயும் செஞ்சேன். விழுற பக்கமே ஹேண்டில ஒரு இணுக்குத் திருப்பணும், நிமிந்ததும் திரும்ப நேராக்கணும். பெரிசாத் திருப்புறவன் பெரிசா விழுவான்.

என் வண்டியப் பாத்துச் சிரிக்கிற. சிரி. அது திருவொற்றியூர்ல செஞ்சது. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்களும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேந்து ஆரம்பிச்ச தொழிற்சாலை, அதுலருந்து வந்த பழைய 350. கியரு வலது காலு, பிரேக்கு இடது காலு. ஒன்னால அதை இந்த வாசல விட்டு எடுக்க முடியாது. சிலிண்டரு 70 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஏறி எறங்குறது 90 மில்லிமீட்டர், கூடவே கனத்த ஃப்ளைவீலு. அதனால எண்ணி எண்ணி அடிச்சுக்கிட்டு மெதுவாப் போனாலும் திக்காது. ஒன் வண்டி ரெட்டைச் சிலிண்டரு, கம்ப்யூட்டரு அளந்து பெட்ரோல் ஊத்துறது, மொதல் கியர்ல கிளட்ச விட்டா தானாவே முன்னால போகும். அதனாலதான் கால் பிரேக்கு ஒனக்கு என்னைவிடக் கூடுதலா வேணும். பழசுதான் ஒசத்தின்னு நான் சொல்லல. ஒன் பிரேக்குல கால்வாசி என் வண்டிக்கு இருந்திருந்தா எனக்கு இந்நேரம் ரெண்டு முடி கூடக் கறுப்பா இருந்திருக்கும்.

தை மாசம் ஒனக்குக் கல்யாணம்னு பேச்சு. அந்தப் புள்ள பட்டுச் சேலை கட்டிக்கிட்டு ஒரு பக்கமா ஒக்காரும். ரெண்டு காலும் இடது பக்கம், மடியில தாம்பூலப் பை, ஒரு கை ஒன் தோள்ல. கனம் முழுக்கப் பின்னால, அதுவும் ஒரு பக்கமா. அப்ப வண்டி ஒனக்குப் பழக்கப்பட்ட வண்டியே இல்ல, ஹேண்டில் லேசாயிரும், சாயுறப்ப இன்னும் சீக்கிரம் சாயும். மாமனார் வாசல்ல போயி ஒரே மூச்சாத் திருப்பி நிறுத்துறேன்னு பெருமை காட்டப் போனா என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா? அவளை எறக்கி விட்டுட்டுத் திருப்பு. எறங்குறப்ப நீ ரெண்டு காலையும் ஊனி, முன்பிரேக்கப் புடிச்சுக்கிட்டு, "எறங்கு"ன்னு வாயத் தொறந்து சொல்லு. சொல்லாம எறங்கினா வண்டி ஒரு பக்கம் துள்ளும். முன்பிரேக்க மறந்துரச் சொன்னியேன்னு மடக்காத. ஹேண்டில் நேரா இருக்கிறப்ப, வண்டி நிக்கிறப்ப அது நல்ல பிரேக்குதான்.

நிறுத்துறதுலயும் ஒனக்குப் புத்தி வேணும். நேத்து முன்சக்கரம் பள்ளத்தப் பாத்து நிக்கிற மாதிரி வாய்க்கா ஓரத்துல விட்டிருந்த. போறப்ப 241 கிலோவப் பின்னால மேட்டுல இழுக்கணும். இந்த வண்டியில ரிவர்ஸ் கியரு கெடையாது, நீதான் ரிவர்ஸ் கியரு. எங்க நிறுத்தினாலும் பின்சக்கரம் தாழ்வுலயும் முன்சக்கரம் ரோட்டப் பாத்தும் இருக்கட்டும். சைடு ஸ்டாண்டு மண்ணுக்குள்ள எறங்குற எடத்துல ஒரு ஓட்டாஞ்சில்லையோ தட்டைக் கல்லையோ அடியில வை.

அப்பிடியும் விழும். விழாம எவனும் பழகினதில்ல. விழப் போகுதுன்னு தெரிஞ்சா, ஒரு அளவுக்கு மேல கால ஊனித் தாங்கப் பாக்காத. 241 கிலோவத் தாங்குறதுக்கு ஒன் கணுக்காலு கிராஷ் கார்டு இல்ல. விலகிக்க. விழுந்தவொடனே மீசையில மண்ணு ஒட்டலேன்னு காட்டுறதுக்காக அள்ளிப் பிடிச்சுத் தூக்காத, இடுப்புப் புடிச்சுக்கும். மொதல்ல எஞ்சின நிறுத்து. கியர்ல இருக்கட்டும், அப்பத்தான் தூக்குறப்ப உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தா, இடது பக்கம் போயி சைடு ஸ்டாண்ட இழுத்து விட்டுட்டு வா, இல்லாட்டி நிமித்தின வேகத்துல அந்தப் பக்கம் போயிரும். ஹேண்டில விழுந்த பக்கமே முழுசாத் திருப்பு. வண்டிக்கு முதுகக் காட்டி, சீட்டு விளிம்புல புட்டத்தச் சாச்சுக் குத்த வை. ஒரு கையில ஹேண்டில் பிடி, இன்னொரு கையில பின்கம்பி. முதுகு நேரா, பலம் பூராம் தொடையில. அப்பிடியே பொடி எட்டா வச்சுப் பின்னால நட. சைலன்சரு சுடும், பாத்துக்க. ஜப்பான்ல இந்தப் பெரிய வண்டி பழக வர்றவங்கள மொதல்ல இதச் செய்யச் சொல்லித்தான் பாப்பாங்க. கல்லூரிப் பொண்ணுங்க தூக்கி நிறுத்துறத நான் செல்லுல பாத்தேன். நம்ம ஊரு நாலு பெருசுகளுக்கு இது தெரிஞ்சிருந்தா அவங்க டீயும் ஆறியிருக்காது.

ஞாயித்துக்கிழமை வெயிலு ஏறுறதுக்கு முன்னால களத்துக்கு வந்துரு. அறுப்பு முடிஞ்சு இப்ப காலியாத்தான் கெடக்கு. வந்தவொடனே ஏறி ஒக்காந்து முறுக்காத. எஞ்சினப் போடாம, எறங்கி நின்னு, வண்டியத் தள்ளிக்கிட்டே களத்தச் சுத்து. எந்த அளவு சாஞ்சா கைக்குள்ள நிக்குது, எங்க தாண்டினா கைய மீறுதுன்னு ஒடம்புக்குத் தெரியட்டும். அப்புறம் நேர்க்கோட்டுல, எம்புட்டு மெதுவா முடியுமோ அம்புட்டு மெதுவா. அதுல காலு ஊனாம வந்தாத்தான் வட்டம். சிரட்டை எடுத்து வச்சிருக்கேன், கவுத்து வச்சு அடையாளம் போட்டுத் தாரேன். மொதல்ல களம் அகலத்துக்குப் பெரிய வட்டம், சரியா வந்தா சிரட்டைய ஒரு எட்டு உள்ள தள்ளி வைப்பேன். வலது பக்கம் ஒனக்குச் சண்டித்தனம் பண்ணும், எல்லாருக்கும் அப்பிடித்தான், ஆக்சிலேட்டர் கையி மடங்கி நெருங்கி வர்றதால முறுக்கு கூடிக் கொறஞ்சு போகும். அதனால வலது பக்கத்த ரெண்டு பங்கு பழகு. எட்டு கடைசிலதான். அரை மணி, முக்கா மணிக்கு மேல வேண்டாம். அலுத்துப் போன கையி கத்துக்காது.

செருப்புப் போட்டு வந்தா திருப்பி அனுப்பிருவேன். கணுக்கால மூடுற பூட்ஸு, ஹெல்மெட்டு, கையுறை, எல்லாம் போட்டுக்கிட்டு வா. நடை வேகத்துக்கு எதுக்கு ஹெல்மெட்டுன்னா, தரைக்கும் தலைக்கும் நடுவுல இருக்கிற ஒசரம் மெதுவாப் போனாலும் அதேதான். கிராஷ் கார்டு கட்டாயம் மாட்டிரு, கண்ணாடிய மடக்கிக்க. பெட்ரோலு ஒன் செலவு.

கொல்லிமலைக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போகணும்னு ஆசைப்பட்டியாம், ஒங்கம்மா சொன்னா. காரவள்ளியிலருந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு. எதுக்க பஸ்சு வந்தா, அந்த வளைவுல நீ நின்னு, மேட்டுல மறுபடி மொதல் கியர்ல எடுக்கணும். களத்துல ரெண்டு பக்கமும் காலு ஊனாம எட்டுப் போட்டுக் காட்டு, நான் ஒன் பின்னால ஒக்காந்து வாரேன். அதுவரைக்கும் நான் பஸ்சுலதான் வருவேன்.